பழம் பெட்டிகளும் மேய்ச்சல் நிலங்களும்

(ஆஸ்திரேலியக் குடியேற்றக் காலத்துக் குடும்ப ஏடுகள் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரை)

வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கல்வெட்டும் செப்பேடும் அரசாங்கத் தஸ்தாவேஜுகளுமே. அரசர் பெயரும் போர் நடந்த ஆண்டும் அவற்றில் கிடைக்கும். ஆனால், புதிய மண்ணில் ஒரு குடும்பம் எவ்வாறு கால் ஊன்றியது, என்ன உண்டது, யாருக்கு அஞ்சியது, யாரை விரட்டியது என்பனவற்றை அறிய வேண்டுமானால் வேறு வகைச் சான்றுகளை நாட வேண்டும். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் கடிதமும், நாட்குறிப்பும், கணக்குப் புத்தகமும், முதுமையில் எழுதி வைத்த நினைவுக் குறிப்புமே அச்சான்றுகள்.

இத்தகைய குடும்ப ஏடுகள் மிகுதியாகக் கிடைக்கும் நாடுகளுள் ஆஸ்திரேலியா ஒன்று. அங்கே குடியேறியோர் பலர் எழுத்தறிந்தவர். அவர்கள் பிறந்த நாடோ பாய்மரக் கப்பலில் மூன்று நான்கு மாதப் பயணத் தொலைவில் இருந்தது. ஆகவே எழுதுவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு அன்று. உறவு அறுந்துபோகாமல் காக்கும் கயிறாக அது இருந்தது. அந்த ஏடுகள் இன்று நூல் நிலையங்களில் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. அவற்றை எவ்வாறு படிப்பது, எந்த அளவுக்கு நம்புவது என்பதே இக்கட்டுரையின் பொருள். இது வெறும் புலமை விளையாட்டு அன்று. ஒரு முதியவரின் நினைவு நூலை நீதிமன்றம் படித்த விதத்தால் ஒரு மக்கட் கூட்டம் தன் நிலவுரிமை வழக்கில் தோற்ற வரலாற்றைப் பின்னர்க் காண்போம்.

நிலமும் குடியேற்றமும்

1788-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் பிரிட்டிஷார் சிட்னித் துறையில் இறங்கினர். கைதிகளைக் கொண்டுவந்து வைக்கும் இடமாகவே அக்குடியேற்றம் தொடங்கிற்று. ஆனால் சில பத்தாண்டுகளுக்குள் ஆட்டு மந்தையும் கம்பளி வாணிகமும் அதன் போக்கையே மாற்றிவிட்டன. இங்கிலாந்தின் நெசவாலைகளுக்குக் கம்பளி வேண்டியிருந்தது. கம்பளிக்கு ஆடு வேண்டும். ஆட்டுக்குப் புல் வேண்டும். புல்லோ உள்நாட்டில் கடல்போல் பரந்து கிடந்தது.

1829-இல் அரசாங்கம் குடியேற்றத்துக்கு எல்லை வகுத்து, பத்தொன்பது மாவட்டங்களுக்கு அப்பால் யாரும் செல்லலாகாது என்று அறிவித்தது. மந்தைகள் எல்லைக்கோட்டை மதிக்கவில்லை; மந்தைக்காரர்களும் மதிக்கவில்லை. ஆகவே 1836-இல் அரசாங்கம் வேறு வழிக்கு வந்தது. ஆண்டுக்கு 10 பவுன் உரிமக் கட்டணம் செலுத்தினால் எல்லைக்கு அப்பால் மேய்த்துக் கொள்ளலாம் என்று விதித்தது. விலைக்கு வாங்காமல் அரசாங்க நிலத்தில் மந்தையோடு உட்கார்ந்துகொண்ட இவர்களுக்கு ‘ஸ்குவாட்டர்’ என்று பெயர். அவர்களுடைய பெரும் மேய்ச்சற் பண்ணை ‘ஸ்டேஷன்’ எனப்பட்டது. தென் பகுதியில் ஹென்டி குடும்பத்தார் 1834-இலேயே யார் அனுமதியும் இன்றிப் போர்ட்லண்டு விரிகுடாவில் இறங்கிவிட்டனர். அப்பகுதி 1851-இல் விக்டோரியா என்ற தனிக் குடியேற்ற நாடாயிற்று.

அந்நிலத்திலே ஐம்பதினாயிரம் ஆண்டு அளவில் வாழ்ந்துவந்த ஆதிக்குடி மக்கள் இருந்தனர். அவர்களுக்கு மொழி இருந்தது, எல்லை இருந்தது, சடங்கும் சட்டமும் இருந்தன. ஆனால் ஆங்கிலச் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் நிலத்தின் உரிமையாளராகத் தோன்றவில்லை. 1835-இல் ஜான் பாட்மன் என்பவர் மெல்போர்ன் பகுதி மக்களுடன் நிலத்துக்கு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டதாகச் சொன்னபோது, நிலம் முழுதும் மன்னருக்கே உரியது, ஆகவே அவ்வொப்பந்தம் செல்லாது என்று ஆளுநர் போர்க் அறிவித்தார். நாம் படிக்கப்போகும் குடும்ப ஏடுகள் யாவும் இந்த அறிவிப்பின் நிழலில் எழுதப்பட்டவை என்பதை மறத்தல் கூடாது.

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் சிறு பங்கு உண்டு. ஜான் மக்கார்த்தர் தம் மந்தையைத் தொடங்கியபோது கல்கத்தாவிலிருந்து வந்த வங்காள ஆடுகளையும் அயர்லாந்து ஆடுகளையும் கலந்தே தொடங்கினார். மெரினோ பின்னர் வந்தது. 1837-இல் ஜான் மக்கே என்பவர் கல்கத்தாவிலிருந்து சுமார் நாற்பது மலைநாட்டுக் கூலிகளை நியூ சவுத் வேல்ஸுக்குக் கொண்டு சென்றார். 1866-இல் தாமஸ் எல்டர் கராச்சியிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களையும் அவற்றை ஓட்டுவோரையும் தென் ஆஸ்திரேலியாவுக்கு வரவழைத்தார். எதிர்த் திசையில், நியூ சவுத் வேல்ஸ் பண்ணைகளில் வளர்ந்த ‘வேலர்’ குதிரைகள் சென்னையிலும் கல்கத்தாவிலும் இறங்கிப் படைகளுக்குச் சென்றன. ஆகவே அப்பண்ணைக் கணக்குகளைப் புரட்டும் இந்திய மாணவர் முற்றிலும் அயலார் வீட்டுக்குள் நுழைகின்றவர் அல்லர்.

ஏடுகளின் வகை

குடும்ப ஏடுகளை நான்கு வகையாகப் பிரித்துக் கொள்ளலாம்.

முதலாவது, கடிதங்கள். காகிதமும் தபாற் கூலியும் அருமையாக இருந்த காலம் அது. ஒரு பக்கத்தை நிரப்பியபின் தாளைக் குறுக்கே திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே மறுபடியும் எழுதும் வழக்கம் இருந்தது. அத்தகைய கடிதத்தைப் படிப்பது கண்ணுக்கு ஒரு தவம். மக்கார்த்தரின் மனைவி எலிஸபெத்தின் கடிதங்கள் இவ்வகையில் புகழ்பெற்றவை. 1790-இல் வந்து இறங்கிய அம்மையார், கணவர் 1809 முதல் 1817 வரை இங்கிலாந்தில் தங்க நேர்ந்தபோது பண்ணையையும் மெரினோ மந்தையையும் தாமே நடத்தினார். ‘ஆஸ்திரேலியக் கம்பளியின் தந்தை’ என்று கணவரையே பாடப் புத்தகங்கள் நெடுங்காலம் பாராட்டி வந்தன. யார் மந்தையைக் காத்தார் என்பதைக் கடிதங்கள் சொல்லின.

இரண்டாவது, நாட்குறிப்பு. பண்ணை நாட்குறிப்பில் உணர்ச்சியைத் தேடுதல் வீண். மழை பெய்தது, ஆடு இத்தனை காணவில்லை, வண்டி சிட்னிக்குப் போயிற்று என்ற அளவிலேயே அது பெரும்பாலும் நிற்கும். ஆனால் இந்தச் சுருக்கமே அதன் பலம். பிற்காலத்தில் யார் படிப்பார் என்று எண்ணி எழுதாத வரி பொய் சொல்லக் காரணம் குறைவு.

மூன்றாவது, கணக்கு. பண்ணைச் சரக்கறைக் கணக்கில் வேலையாளுக்கு வாரந்தோறும் அளந்து கொடுத்த படி எழுதப்பட்டிருக்கும். ‘பத்து, பத்து, இரண்டு, கால்’ என்பது பண்ணைகளில் வழங்கிய வாய்பாடு. அதாவது 10 ராத்தல் மாவு, 10 ராத்தல் இறைச்சி, 2 ராத்தல் சர்க்கரை, கால் ராத்தல் தேயிலை. கூலிப் பத்தியைப் பார்த்தால் வெள்ளையர் பெயருக்கு நேரே பவுனும் ஷில்லிங்கும் இருக்கும். ஆதிக்குடித் தொழிலாளர் பெயர் வருமிடத்தில் பெரும்பாலும் ‘ஜாக்கி’, ‘டாமி’ என்ற ஒற்றைப் பெயரும், மாவும் போர்வையுமே இருக்கும். ஒரு சமுதாயத்தின் அடுக்குமுறையை இதைவிடத் தெளிவாக எந்தச் சொற்பொழிவு விளக்கும்? குவீன்ஸ்லாந்தில் 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து ஆதிக்குடி மக்களின் கூலியை அரசாங்கமே வாங்கி வைத்துக்கொள்ளும் முறை வளர்ந்தது. அப்படிப் பறிபோன கூலிக்காகத் தொடுத்த வழக்கு 2019-இல் 19 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுப்பதென்ற உடன்படிக்கையில் முடிந்தது. பழங்கணக்கு என்று எதையும் தள்ளிவிட இயலாது.

நான்காவது, நினைவுக் குறிப்பு. இது முதுமையில் எழுதப்படுவது. அல்லது முதியவர் சொல்லப் பிள்ளைகள் எழுதுவது. இதனைப் பிறகு தனியே ஆராய்வோம்.

ஓர் ஆளுநரின் சுற்றறிக்கை

விக்டோரியாவின் துணை ஆளுநராக இருந்த சார்ல்ஸ் லா ட்ரோப் 1853-ஆம் ஆண்டு ஜூலையில் பழைய குடியேறிகள் பலருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். நீங்கள் எந்த ஆண்டு, எவ்வழியாக வந்தீர்கள்? அப்போது நிலம் எப்படி இருந்தது? ஆதிக்குடிகள் எத்தனை பேர்? இவையே அவர் கேட்டவை. தங்கம் கண்டுபிடிக்கப்பட்டு உலகத்து மக்களெல்லாம் வந்து குவிந்துகொண்டிருந்த நேரம் அது. பழைய நினைவுகள் அந்த வெள்ளத்தில் மறைந்துபோகும் என்று அவர் உணர்ந்தார். 1854-இல் பதவி விட்டுச் சென்றபோது, தாமே ஒரு வரலாறு எழுதும் எண்ணத்துடன் கடிதங்களை இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். கண் பார்வை மங்கியதால் அந்த எண்ணம் கைகூடவில்லை. 1872-இல் கடிதங்களை மெல்போர்னுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். நூலகர் தாமஸ் பிரைட் பதிப்பித்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் 1898-இல் நூலாக வெளிவந்தன.

அவற்றுள் வாண்டோ வேல் பண்ணையின் ஜான் ராபர்ட்ஸன் எழுதிய கடிதம் தனிச் சிறப்புடையது. அவர் செடி கொடிகளை நுட்பமாகக் கவனிக்கும் இயல்பினர். 1840-இல் வந்தபோது தம் நிலத்தில் 37 வகைப் புற்கள் இருந்தன என்று எண்ணிச் சொல்கிறார். சில ஆண்டுகளிலேயே மென்மையான செடிகள் மறையத் தொடங்கின. ஆழ வேரோடிக் களிமண் குன்றுகளைப் பிடித்து வைத்திருந்த நெடும் புற்கள் மாண்டன. ஆட்டின் குளம்பு மண்ணை இறுக்கியது. வெயில் பட்டு நிலம் வெடித்தது. குன்றின் சரிவுகள் மரத்தோடு பெயர்ந்து விழுந்தன. முதலில் இரண்டு சரிவுகளே தெரிந்த இடத்தில் பின்னர் நூற்றுக்கணக்கானவை தோன்றின. ஓடைக் கரைகளில் உப்பு நீர் ஊற்றெடுத்தது. இவை யாவும் பதின்மூன்று ஆண்டுக்குள் நிகழ்ந்தன. மண்ணரிப்பு, நிலம் உவர்த்தல் என்று இன்று விவசாய விஞ்ஞானிகள் ஆராயும் கேடுகளை, அந்தக் கேட்டுக்குக் காரணமான மந்தையின் உரிமையாளரே 1853-இல் கண்ணால் கண்டு எழுதியிருக்கிறார். அரசாங்க அறிக்கைகள் கம்பளி மூட்டைகளை எண்ணிக் கொண்டிருந்தன. புல்லை எண்ணியவர் இவர்.

அதே கடிதத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. அருகில் குடியேறிய வைட் சகோதரர்களின் ஆடுகளை ஆதிக்குடிகள் ஓட்டிச் சென்றதற்காக 1840-இல் நடந்த கொலையை அவர் குறிப்பிடுகிறார். இறந்தவர் 51 பேர் என்றும், மனிதர் எலும்பும் ஆட்டின் எலும்பும் ஒன்றாய்க் கலந்து வெயிலில் வெளுத்துக் கிடந்தன என்றும் எழுதுகிறார். எண்ணிக்கை ஏட்டுக்கு ஏடு வேறுபடுகிறது, நிகழ்ச்சியில் ஐயமில்லை. அதன்மேல் தம்மைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறார். வெள்ளையர் கொல்லப்பட்ட நான்கு சமயங்களில் தாமும் பிறரோடு தேடிச் சென்றதாகவும், ஆதிக்குடிகள் தம் கண்ணில் படாமற் போனதற்குக் கடவுளுக்கு நன்றி செலுத்துவதாகவும், பட்டிருந்தால் தாமும் மற்றவரைப்போல் நெஞ்சில் முள்ளைச் சுமந்திருக்க வேண்டும் என்றும் எழுதுகிறார். நல்லவர் கெட்டவர் என்று இரண்டு பெட்டிகளில் மனிதரை அடைக்க விரும்புவோர் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும்.

சொல்லாமல் விட்டவை

எல்லாரும் ராபர்ட்ஸன் அல்லர். பெரும்பாலான ஏடுகள் இவ்விஷயத்தில் மௌனம் சாதிக்கின்றன. அதற்கு ஒரு காரணம் உண்டு.

1838 ஜூன் 10-ஆம் நாள் நியூ சவுத் வேல்ஸில் மயால் க்ரீக் என்ற பண்ணையில் ஏறத்தாழ 28 ஆதிக்குடி மக்களைப் பண்ணையாட்கள் சிலர் கட்டி இழுத்துச் சென்று கொன்றனர். இறந்தவருள் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. பண்ணை மேற்பார்வையாளர் வில்லியம் ஹாப்ஸ் செய்தியை அதிகாரிகளுக்கு அறிவித்தார். குடிசைக் காவலரான ஜார்ஜ் ஆண்டர்ஸன் சாட்சி சொன்னார். முதல் விசாரணையில் பதினொருவரும் விடுதலையாயினர். இரண்டாம் விசாரணையில் எழுவர் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டு, டிசம்பர் 18-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டனர்.

நீதி வென்றது என்று நாம் மகிழலாம். ஆனால் விளைவு வேறாயிற்று. கொலை குறையவில்லை, கொலையைப் பற்றிய பேச்சே குறைந்தது. எழுதினால் தூக்குமரம் என்பதை எல்லைப்புறத்தார் கற்றுக்கொண்டனர். 1838-க்குப் பிறகு எழுதிய நாட்குறிப்பில் ‘ஆதிக்குடிகளைத் துரத்தினோம்’, ‘கலைந்துபோகச் செய்தோம்’ போன்ற மழுப்பலான சொற்கள் வருமிடத்தில் படிப்பவர் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

எனினும் சிலர் தொலைவில் உள்ளவர்க்கு எழுதும்போது மனம் திறந்தனர். ஸ்காட்லாந்திலிருந்து 1839-இல் வந்த நீல் பிளாக் பிரிட்டனில் இருந்த பங்காளிகளுக்காகப் பண்ணை வாங்கியவர். புதிய நிலத்தைப் பிடிப்பதே மலிவான வழி, ஆனால் ஆதிக்குடிகளைக் கூசாமல் கொல்லும் அளவுக்கு மனச்சாட்சி மரத்துப்போனவருக்கே அது இயலும் என்ற கருத்தை அவர் தம் குறிப்பேட்டில் எழுதினார். ஆகவே அவர் பிறர் பிடித்து வைத்திருந்த பண்ணையை விலைக்கு வாங்கினார். அப்பண்ணையை முன்பு நடத்திய ஃபிரெடரிக் டெய்லர் ஒரு கொலைக் கும்பலுக்குத் தலைமை தாங்கியவர். கொலை நடந்த இடத்துக்கு இன்றும் ‘கொலைப் பள்ளம்’ என்ற பொருளில் பெயர் வழங்குகிறது. இரத்தம் தம் கையில் படவில்லை என்பது உண்மை. பயன் தம் கைக்கு வந்தது என்பதும் உண்மை. பிளாக் ஏடுகளை ஆராய்ந்து மார்கரெட் கிடில் எழுதிய வரலாறு, ஆசிரியை மறைந்தபின் 1961-இல் வெளிவந்தது.

ஆகவே ஒரு குடும்பத்தின் மௌனத்தை மற்றொரு சான்றால் உடைக்க வேண்டும். ஆதிக்குடிகளின் தலைமைப் பாதுகாவலராக இருந்த ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்ஸன் 1841-இல் மேற்குப் பகுதி முழுதும் சுற்றி, ஒவ்வொரு பண்ணையிலும் கேட்டதை நாட்குறிப்பில் எழுதினார். ஒருவர் வீட்டு ஏடு மறைப்பதை அண்டை வீட்டார் அவரிடம் சொல்லியிருப்பர். ஊர்ப் பெயர், நீதிமன்றப் பதிவு, ஆதிக்குடி மக்களின் வாய்மொழி ஆகியவையும் இவ்வாறே பயன்படும்.

முதுமையின் நினைவும் பேரர் கைவண்ணமும்

நினைவுக் குறிப்பு பழச்சாறு போன்றது. நாள் செல்லச் செல்லப் புளிக்கவும் செய்யும், இனிக்கவும் செய்யும். இளமையில் பட்ட பஞ்சம் முதுமையில் வீரமாகிவிடும்.

இவ்வகையில் மதிக்கத்தக்கது டாம் பெட்ரியின் நினைவு நூல். 1837-இல் சிறு பிள்ளையாக மோர்ட்டன் விரிகுடாவுக்கு, அதாவது இன்றைய பிரிஸ்பேன் பகுதிக்கு வந்தவர். ஆதிக்குடிப் பிள்ளைகளோடு விளையாடி அவர்கள் மொழியைக் கற்றவர். பன்யா மரத்தின் கொட்டைகள் முற்றும் பருவத்தில் நடக்கும் பெருவிழாவுக்கு அவர்களோடே நடந்து சென்றவர். அவர் சொல்ல மகள் கான்ஸ்டன்ஸ் எழுதி 1904-இல் வெளியிட்டார். இங்கே சொல்பவர் ஒருவர், எழுதுபவர் மற்றொருவர். எந்தச் சொல் தந்தையுடையது, எந்தச் சொல் மகளுடையது என்று பிரித்தறிவது எளிதன்று.

பதிப்பிக்கும் உறவினர் கை இன்னும் துணிந்து செல்வதும் உண்டு. ஓவியரான ஜார்ஜியானா மக்ரே 1841-இல் மெல்போர்னுக்கு வந்து எழுதிய நாட்குறிப்பை, கவிஞரான பேரர் ஹியூ மக்ரே 1934-இல் பதிப்பித்தார். நூல் பெரும் புகழ் பெற்றது. பிற்காலத்தில் கையெழுத்துப் படியோடு ஒப்பிட்டபோது, பேரர் பல இடங்களில் சுருக்கியும் மாற்றியும் தம் சொல்லைச் சேர்த்தும் இருப்பது புலப்பட்டது. ரேச்சல் ஹென்னிங் என்ற பெண்மணியின் கடிதங்கள் 1951-52-இல் ஒரு வார இதழில் வெளிவந்தபோதும் இதுவே நடந்தது. அன்பினாலும் கலை ஆர்வத்தாலும் செய்த மாற்றமானாலும் மாற்றம் மாற்றமே. அச்சு நூலைப் படித்துவிட்டு மூல ஏட்டைப் படித்ததாக எண்ணிவிடுதல் ஆகாது.

ஒரே நாட்குறிப்பு, இரண்டு நூல்கள்

ஆஸ்திரேலியாவின் பெருங்கவிஞர்களுள் ஒருவரான ஜூடித் ரைட் மேய்ச்சற் பண்ணைக் குடும்பத்தில் 1915-இல் பிறந்தவர். தாத்தா ஆல்பர்ட் ரைட்டின் நாட்குறிப்புகளும் பாட்டி மேயின் நினைவுகளும் அவருக்குக் கிடைத்தன. அவற்றைக் கொண்டு 1959-இல் ‘மனிதரின் தலைமுறைகள்’ என்ற பொருளில் அமைந்த பெயரோடு குடும்ப வரலாறு ஒன்றை எழுதினார். குவீன்ஸ்லாந்தில் வறட்சியோடும் கடனோடும் போராடிய தாத்தாவும், 1890-இல் அவர் மறைந்தபின் பண்ணையைக் கட்டிக் காத்த பாட்டியும் அந்நூலின் தலைவர்கள். ஆதிக்குடிகளும் அதில் வருகின்றனர். ஆனால் ஓரமாகவே நிற்கின்றனர்.

ஆண்டுகள் சென்றன. 1968-இல் மானிடவியல் அறிஞர் ஸ்டேனர் வானொலிச் சொற்பொழிவில், ஆஸ்திரேலிய வரலாற்றில் ஆதிக்குடிகளைப் பற்றி நிலவியது தற்செயலான மறதி அன்று, அமைப்பாகவே வளர்ந்த பெரும் மௌனம் என்று சுட்டிக்காட்டினார். ஜூடித் ரைட் தாமும் நிலவுரிமை இயக்கத்தில் ஈடுபட்டார். பிறகு தாத்தாவின் அதே நாட்குறிப்புகளை மீண்டும் கையில் எடுத்தார். இம்முறை அவற்றின் அருகே செய்தித்தாள்களையும் அரசாங்கப் பதிவுகளையும் வைத்துப் படித்தார். 1981-இல் வந்த நூலுக்கு ‘இறந்தோர்க்காக ஓர் அழுகுரல்’ என்று பொருள்படும் பெயர். தாத்தா வருவதற்கு முன் அந்நிலம் யாருடையது, அவர்கள் என்ன ஆனார்கள் என்பதே அதன் கேள்வி.

ஏடு மாறவில்லை. மையும் தாளும் அவையே. கேட்ட கேள்வி மாறியது. ஆகவே கிடைத்த விடையும் மாறியது. முதல் நூல் பொய் என்று சொல்லிவிட முடியாது. பாட்டி பட்ட துன்பம் மெய்யே. அத்துன்பத்துக்கு முன்னே மற்றொரு துன்பம் நிகழ்ந்திருந்தது என்பதும் மெய். தம் குடும்பத்தைப் பற்றித் தாமே எழுதிய நூலுக்கு எதிர்ச் சாட்சியாக இருபத்திரண்டு ஆண்டு கழித்து மற்றொரு நூல் எழுதிய நேர்மை அருமையானது.

நீதிமன்றத்தில் ஒரு நினைவு நூல்

இனி, முன்னே குறிப்பிட்ட வழக்கைக் காண்போம்.

எட்வர்ட் கர் என்பவர் 1841 முதல் 1851 வரை மரே ஆறும் கோல்பர்ன் ஆறும் ஓடும் பகுதியில் டோங்கலா முதலிய பண்ணைகளை நடத்தினார். தொடங்கியபோது அவருக்கு வயது இருபதுதான். முப்பது ஆண்டுக்கு மேல் கழிந்து, அறுபது வயதைக் கடந்தபின், 1883-இல் அந்நாட்களைப் பற்றிய நினைவு நூலை வெளியிட்டார். சுவையான நூல் அது. ஆதிக்குடிகள் தீக்கொள்ளியால் புல்வெளியை எரித்துத் திருத்தியதைக் கூர்ந்து கவனித்து எழுதியவர் அவர்.

1992-இல் மாபோ வழக்கில் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம், நிலம் யாருக்கும் உரியதன்று என்ற பழங் கொள்கையைத் தள்ளி, ஆதிக்குடிகளின் நிலவுரிமையை ஒப்புக்கொண்டது. ஆனால் முன்னோர் மரபும் வழக்கமும் அறுபடாமல் தொடர்ந்து வருவதை மெய்ப்பிக்க வேண்டும். 1994-இல் யோர்ட்டா யோர்ட்டா மக்கள் தம் ஆற்றங்கரை நிலத்துக்கு வழக்குத் தொடுத்தனர். முதியோர் பலர் வந்து தாம் பாட்டன் பாட்டியிடம் கேட்டதைச் சாட்சியமாகச் சொன்னார்கள்.

1998-இல் தீர்ப்பளித்த நீதிபதி ஆல்னி, அந்த வாய்மொழியைவிடக் கர் எழுதிய நூலுக்கே மிகுந்த மதிப்புக் கொடுத்தார். எடுத்துக்காட்டாக, தேவைக்கு மேல் மீன் பிடிக்காமல் இயற்கையைக் காப்பது தங்கள் மரபு என்று இம்மக்கள் சொன்னார்கள். அக்காலத்து மக்கள் உணவை வீணாக்கினார்கள் என்று கர் எழுதியிருந்தார். ஆகவே இது பழைய மரபன்று என்று முடிவாயிற்று. நாற்பத்திருவர் கையொப்பமிட்டு நிலம் கேட்ட 1881-ஆம் ஆண்டு மனுவும் அவர்களுக்கு எதிராகவே திரும்பியது. நிலம் இழந்தோம், பிழைக்க நிலம் தாருங்கள் என்ற முறையீடு, மரபு அற்றுப்போனதற்கு ஒப்புதலாகக் கொள்ளப்பட்டது. வரலாற்றின் வெள்ளம் அவ்வுரிமையை அடித்துச் சென்றுவிட்டது என்பதே தீர்ப்பின் சாரம். மேல் முறையீட்டில், பேச்சைவிட எழுத்துக்கு அதிக அதிகாரம் தருவதிலுள்ள ஆபத்தைத் தலைமை நீதிபதி பிளாக் எடுத்துரைத்தார். ஆனால் அவர் கருத்து பெரும்பான்மை பெறவில்லை. 2002 டிசம்பரில் உயர்நீதிமன்றமும் முறையீட்டைத் தள்ளியது. விக்டோரிய அரசாங்கம் 2004-இலும் 2010-இலும் அம்மக்களோடு நில மேற்பார்வை உடன்படிக்கைகள் செய்துகொண்டது. வழக்கில் இழந்த உரிமைக்கு அவை ஈடாகா.

இருபது வயது இளைஞர் தம் ஆடுகளின் நலனுக்காக மக்களைப் பார்த்த பார்வை, அறுபது வயதில் எழுத்தாகி, நூறாண்டுக்குப் பின் அம்மக்களின் பேரர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று. அவர்கள் நிலத்தைப் பெற்றுப் பயனடைந்தவர் அவர். அவர் காணாததும் உண்டு. அவருக்குக் காட்டப்படாததும் உண்டு. எழுத்து எழுதியவரின் கண் அளவே காணும் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

படிக்கும் முறை

மேலே கண்டவற்றிலிருந்து மாணவர் கைக்கொள்ளத்தக்க ஐந்து கேள்விகளைத் தொகுத்துச் சொல்லலாம்.

1. எழுதியவர் யார்? அந்த நிகழ்ச்சியால் அவருக்குப் பயன் உண்டா?

2. யாருக்காக எழுதினார்? தாய்க்கு எழுதும் கடிதமும், பங்காளிக்கு எழுதும் கடிதமும், ஆளுநருக்கு எழுதும் கடிதமும் ஒன்றல்ல.

3. நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே எத்தனை காலம் சென்றது? அன்றைய நாட்குறிப்பும் நாற்பது ஆண்டு கழித்த நினைவும் ஒரே தராசில் நிற்கமாட்டா.

4. நம் கைக்கு வருமுன் ஏடு யார் யார் கையில் இருந்தது? திருத்தினாரா, கிழித்தாரா, சேர்த்தாரா?

5. எது இல்லை? பெயரில்லாத வேலையாள், பேசாத பெண், திடீரென்று வெறுமையாகும் நாள் இவற்றைத் தேடுக. பிறகு அந்த வெற்றிடத்தை மற்றவர் ஏட்டாலும் வாய்மொழியாலும் நிரப்ப முயல்க.

இவ்வேடுகளைக் காண ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற வேண்டியதில்லை. மக்கார்த்தர் ஏடுகளும் ராபின்ஸன் நாட்குறிப்புகளும் சிட்னியில் 1910-இல் திறக்கப்பட்ட மிட்சல் நூல் நிலையத்தில் உள்ளன. நீல் பிளாக் ஏடுகள் மெல்போர்னில் உள்ள விக்டோரிய மாநில நூல் நிலையத்தில் உள்ளன. பிரிட்டனில் கிடந்த ஆஸ்திரேலியா தொடர்பான பதிவுகளை 1948 முதல் நுண்படமாக எடுத்துச் சேர்க்கும் பெரும்பணி நடைபெற்றது. அப்படங்களையும் பழைய செய்தித்தாள்களையும் ஆஸ்திரேலியத் தேசிய நூல் நிலையத்தின் ‘ட்ரோவ்’ என்னும் மின்னியல் தொகுப்பில் யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம்.

முடிவுரை

குடும்ப ஏடு புனிதமானதும் அன்று, புறக்கணிக்கத் தக்கதும் அன்று. அது ஒரு சாட்சி. சாட்சியை மாலையிட்டு வணங்குவது வழக்கறிஞர் வேலை அன்று. மிரட்டி விரட்டுவதும் அன்று. பொறுமையாகக் குறுக்கு விசாரணை செய்வதே முறை. புல்லின் வகைகளை எண்ணிய ராபர்ட்ஸன், தாம் கொலைஞன் ஆகாதது தற்செயலே என்று எழுதிய ராபர்ட்ஸன், இருவரும் ஒருவரே. அவரை முழுமையாகப் படித்தால் ஒரு மண் எவ்வாறு கைமாறியது, கைமாறியபின் என்ன ஆயிற்று என்பது விளங்கும். பாதியைப் படித்து நிறுத்தினால் புகழுரையோ வசையோதான் கையில் மிஞ்சும். வரலாறு பயிலும் இளைஞர்க்கு அவை இரண்டும் போதமாட்டா.